குறை சொல்லாத வீடு

அவளிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "பிரேக் அக்காவா?" என்றுதான் கேட்பார்கள். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் பதறிப்போய், நிறுத்த வேண்டிய இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். இவள் தன் பக்கத்துப் பிரேக்கை மெல்ல அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பாள். திட்ட மாட்டாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, அந்த மௌனம்தான் ஆளைக் கொல்கிறது என்று பழக வந்தவர்கள் புலம்புவார்கள். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்து, அவள் கையில் ஓட்டுநர் ஆனவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பள்ளியில் வண்டி கற்றுக்கொடுக்கும் ஒரே பெண் அவள்தான். முதலாளிக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. சொந்த வேலைக்கு வண்டியை எடுத்துப் போனாலும் எங்கே என்று கேட்க மாட்டார்.

அவளிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பள்ளிக்கூட வாசலில், வளைவில், பாலத்துக்கு முன்னால் என்று பார்க்கிற இடமெல்லாம் "வேகத்தைக் குறைக்கவும்" என்று கொட்டை எழுத்தில் பலகை நிற்கிறது. ஆனால் வேகத்தைக் குறை என்று அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "கம்மி பண்ணு, இன்னும் கம்மி பண்ணு" என்பாள். ஓய்வுபெற்ற பிறகு கார் பழக வந்த வாத்தியார் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. நல்ல தமிழ் இருக்கும்போது எதற்கு இந்தக் கம்மி என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, வாயில் வராது என்று சொன்னாள். வாத்தியார் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். உண்மையிலேயே அவளுக்கு வராது.

அதற்குக் காரணம் அவள் அம்மா.

இவளுக்கு மூன்று வயதிருக்கும்போது தம்பி பிறந்தான். சின்னக் காது, மேல்நோக்கிச் சாய்ந்த கண், துணிமாதிரி துவளும் உடம்பு. டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்க்க வந்த அத்தை ஒருத்தி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "குறையுள்ள பிள்ளையாப் போச்சே" என்று உச்சுக்கொட்டினாள். பிள்ளை பெற்ற களைப்பு தீராத அம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை வெளியே போகும்வரை நின்றாள். அன்றிலிருந்து அந்த வார்த்தை வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம்.

சட்டம் என்றால் சட்டம்தான். உப்பு குறையாது, கம்மியாகும். காய்ச்சல் குறையாது, விடும். விலை குறையாது, இறங்கும். பரீட்சையில் மார்க் போனால்கூட அது கம்மிதான், அதற்கு விழும் அடி வேறு விஷயம். யாராவது மறந்துபோய் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அம்மா கையிலிருக்கும் கரண்டியால் தட்டின் விளிம்பில் டங்கென்று தட்டுவாள். சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். அப்பா இருந்தவரை இதை வைத்துக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கம்மாவிடம் நான் ஒரு கம்மியும் கண்டதில்லை என்பார். அம்மா கரண்டியைத் தூக்குவாள், கம்மி என்றுதானே சொன்னேன் என்று அவர் கைகளை விரிப்பார்.

தம்பிக்குத் தொரை என்று பெயர் வந்ததே அப்பாவால்தான். சாப்பாட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாலொழிய எழுந்திருக்க மாட்டான், தொரைக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்கப் போய் அதுவே நிலைத்துவிட்டது. பேச்சு தாமதமாக வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. இப்போது அவன் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அட்டைப்பெட்டி மடிப்பது, தட்டுகளை அடுக்குவது, கோணல்மாணலாக வந்த ரொட்டிகளைப் பொறுக்கி ஒதுக்குவது. ஒதுக்கியதில் சிலதை வீட்டுக்குக் கொண்டுவருவான். உடம்பில் குரோமோசோம் என்று ஒன்று ஜோடி ஜோடியாக இருக்கும், உனக்கு மட்டும் ஒரு ஜோடியில் ஒன்று கூடுதல் என்று அக்கா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டான். தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும், "எனக்கு ஒண்ணு எக்ஸ்ட்ரா, உனக்கு?" என்று கேட்பான். எதிரே நிற்பவர் முழிப்பார். அவனுக்கு அதில் ஏகப் பெருமை.

அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையில் வயரைச் செருகி ஒருவர் பேச்சை இன்னொருவரோடு இணைத்துவிடுவதுதான் உத்தியோகம். அப்பா போன பிறகும் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினாள். தொரையைக் கேலி பண்ணினவன் வீட்டுக் கதவைத் தட்டி, அவன் அப்பனை வெளியே கூப்பிட்டு நியாயம் கேட்டிருக்கிறாள். தன் அம்மாவைப்போல ஒருத்தி உலகத்திலேயே கிடையாது என்று பிரேக் அக்கா நினைத்ததில் ஆச்சரியமில்லை. கூட இருந்து பார்த்தவள் அவள்தானே.

அதனாலேயே கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். தம்பியை விட்டு வர மாட்டேன், அம்மாவோடுதான் இருப்பேன் என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டவர் கடைசியில் ஒரு ஏசி மெக்கானிக். அவரும் அவளிடம் கார் பழக வந்தவர்தான். பின்னோக்கி எடுக்கும்போது மூன்று தடவை ஒரே கம்பத்தில் இடித்தார். கம்பத்தைக் கட்டிக்கொள்ள முடியாது, அதனால் என்னைக் கட்டிக்கொண்டார் என்று அவள் சொல்வாள். சாதுவான ஆள். எந்த மெஷினையும் பேசவைப்பார், தான் பேச மாட்டார்.

முப்பத்தாறு வயதில் அவள் உண்டானாள். வீடே தலைகீழாக நின்றது. வாடிக்கையாளர் ஒருவர் வேண்டாமென்று போட்டிருந்த மரத் தொட்டிலைக் கணவர் தூக்கிக்கொண்டு வந்து, தினமும் சாயங்காலம் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தொரை பக்கத்தில் உட்கார்ந்து மரத்தூளை ஊதிவிடுவான். நான் மாமா ஆகப்போகிறேன், மாமாவுக்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று விசாரித்தான்.

முப்பத்தைந்து தாண்டிவிட்டதால், மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் செய்யலாம் என்றும் சொன்னார்கள். கையில் கொஞ்சம் இரத்தம், வயிற்றில் ஒரு ஸ்கேன், குழந்தையின் பின்கழுத்தில் தேங்கியிருக்கும் நீரின் அளவு, அம்மாவின் வயது, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். அதற்கு முன்னால் ஆலோசகர் ஒரு பெண்மணி மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். தம்பிக்கு இருப்பதால் உங்களுக்கும் வந்துதான் ஆகும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது பரம்பரையாக வருவதில்லை என்றார். இந்தச் சோதனை குழந்தைக்கு இருக்கிறது, இல்லை என்று அடித்துச் சொல்லாது, வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும், அதிகம் என்று வந்தால் உறுதிசெய்ய வேறு சோதனை உண்டு என்றார். பிறகு, "ஒருவேளை அதிகம்னு வந்தா என்ன செய்யறதுன்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"என் தம்பியை எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "கலைக்க மாட்டேன். முன்னாடியே தெரிஞ்சா தயாரா இருக்கலாம்ல, அதுக்குத்தான் பாக்கறேன்."

இதைச் சொல்லும்போது வலது பக்கம் கணவர் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் அம்மா. அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். என் மகள் என்ற பெருமைதான் அந்தத் தட்டலில் இருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

முடிவு வந்ததும் போனில் சொல்வதாக ஆலோசகர் சொன்னார். வண்டியில் பக்கத்தில் ஒருவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருக்கும்போது போனை எடுக்க முடியாது. வகுப்பு நேரத்தில் அவள் போன் எப்போதும் அணைத்துத்தான் இருக்கும். அதனால் அம்மாவின் எண்ணைக் கொடுத்து, இவர்களிடமே சொல்லிவிடுங்கள் என்றாள். வாழ்நாள் முழுக்கப் போன் எடுத்தவள், ஒரு எழுத்து விடாமல் சொல்வாள் என்று சிரித்தாள்.

போன் வந்தது. தொரை வேலைக்குப் போயிருந்தான், அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். ஆலோசகர் சொன்னது இவ்வளவுதான். உங்கள் பெண்ணின் சோதனை முடிவு வந்துவிட்டது, வாய்ப்பு குறைவாகத்தான் இருக்கிறது, மற்றதை அடுத்த தடவை வரும்போது பேசலாம்.

அம்மாவின் காதில் ஒரு பழுதும் கிடையாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல்லுக்கு அவள் வீட்டில் ஒரே ஒரு அர்த்தம்தான். உப்புக்கும் காய்ச்சலுக்கும் அதைக் கொடுக்காமல், முழுசாக ஒரே விஷயத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டவள். குறை என்று காதில் விழுந்ததுமே மீதி எதுவும் விழவில்லை. சரி என்றாள். மறுமுனையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, பழைய நாட்களில் வயரைப் பிடுங்குவதுபோல, போனை வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் கூப்பிட்டது மருமகனை. அவர் ஏதோ ஒரு அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஏசி மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்குச் சாயங்காலம் பிரேக் அக்கா வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவளுக்கு இப்போது சொல்ல வேண்டாம். சொன்னால் பிடிவாதம் பிடிப்பாள். டாக்டரிடம் அழைத்துப் போவோம், அவர் வாயால் சொன்னால் கேட்பாள். கேட்காவிட்டால் நாம் இருவரும் சேர்ந்து கேட்கவைப்போம்.

முடிவு வந்ததா என்று அவள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "இன்னும் வரலம்மா" என்றாள் அம்மா. மறுநாளும் கேட்டாள். நானே போன் பண்ணிக் கேட்டேன், கொஞ்சம் தாமதமாகுமாம், நீ அலட்டிக்கொள்ளாதே என்று அம்மா சொன்னாள். அம்மா சொன்னால் சரி. அதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவள் வாழ்க்கையில் என்றைக்குமே தோன்றியதில்லை.

அந்த நாட்களில் வீட்டில் அவளுக்கு ராஜோபசாரம் நடந்தது. டம்ளரைக் கழுவப் போனால் அம்மா பிடுங்கிக்கொள்வாள். காலையில் வண்டிச் சாவியைத் தேடினால் கணவர் துடைத்து எடுத்துக் கையில் கொடுப்பார். பேசாத மனிதர், "வலிக்குதா? உக்காரு, உக்காரு" என்று வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு சாயங்காலம் பார்த்தால் தொட்டிலைக் காணோம். பாதி தேய்த்தபடி மாடி அறையில் ஒரு பழைய போர்வைக்குக் கீழே கிடந்தது. வர்ணம் அடிக்கும்முன் மரம் காய வேண்டும் என்று கணவர் சொன்னார். காய்ந்த மரத்தை எதற்குப் போர்த்தி வைப்பார்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். பயிற்சி வண்டியில் பழகுகிறவரின் கால் கொஞ்சம் நகர்ந்தாலே கண்டுபிடிக்கிறவள், வீட்டுக்குள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம்பிக்கை என்பது அப்படித்தான் ஆளைக் குருடாக்கி வைக்கும்.

ஒருநாள் அம்மா, டாக்டர் நேரில் வரச் சொன்னார்கள், எல்லோருமாகப் போவோம் என்றாள். அவளே வண்டி ஓட்டினாள். அதை நினைக்கும்போதெல்லாம் பின்னால் அவளுக்கு உடம்பு எரிந்திருக்கிறது. பின்சீட்டில் அம்மா, பக்கத்துச் சீட்டில் கணவர், இவர்கள் இரண்டு பேரையும் ஒரு குலுக்கல் இல்லாமல், வளைவுக்கு வளைவு வேகத்தைக் கம்மி பண்ணி, அவளே கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

மருத்துவமனையில் நீள நடையும், பச்சை நாற்காலிகளும், யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு செடியும் இருந்தன. நீ இரு, என் இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒன்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மா உள்ளே போனாள். கணவரும் கூடவே போனார். மாமியாரின் இரத்த அழுத்தத்தில் மருமகனுக்கு என்ன வேலை என்று அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கொஞ்ச நேரத்தில் ஆலோசகரே கதவைத் திறந்தார். அவர்கள் இருவரையும் வெளியே வந்து உட்காரச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். கணவர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். ஒன்றும் புரியாமல் அவள் அவர்களைக் கடந்து போனாள்.

கதவைச் சாத்திய பிறகு ஆலோசகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கருவைக் கலைக்கறதுக்கு எப்ப வரலாம்னு உங்க அம்மா கேட்டாங்க. அது உங்க விருப்பமா?"

அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வேறு யாருக்கோ என்று நினைத்தாள். முடிவே இன்னும் வரவில்லையே என்றாள்.

"போன வாரமே சொல்லிட்டேனே" என்றார் ஆலோசகர். "வாய்ப்பு குறைவுன்னு."

குறைவு. அந்தச் சொல் வெளியே வேறு வீடுகளில் சாதாரணமாக நடமாடும் சொல். உப்புக்கும் வேகத்துக்கும் ஆகிற சொல். ஆலோசகர் பொறுமையாக எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் இந்த அளவுக்கு மேற்கொண்டு எதுவும் தேவையில்லை, ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வந்தால் போதும். உங்கள் அம்மா தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள், இனி உங்கள் எண்ணுக்கே கூப்பிடுகிறேன் என்றார். அவள் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. சந்தோஷம் வந்ததும் உண்மைதான். ஆனால் வந்த சந்தோஷத்துக்கு உட்கார இடமில்லை. மனசு முழுக்க வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

வெளியே அம்மா ஏற்கெனவே பழைய அம்மா ஆகியிருந்தாள். வண்டியில் ஏறியதும் வாய் திறந்தது. உயிரே போய்விட்டது, இத்தனை நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்றாள். "கம்மின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அந்தம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். கணவரும் சிரித்தார். தொட்டிலை இன்றைக்கே கீழே இறக்கிவிடுகிறேன் என்றார். அவர்களைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது. காதில் தப்பாக விழுந்தது, இப்போது சரியாக விழுந்தது, அவ்வளவுதான். நாளைக்கு நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கக்கூடிய விஷயம்.

அவள் சிரிக்கவில்லை. வண்டியை ரொட்டித் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள். தொரையின் வேலை முடியும் நேரம். இஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் விரல் நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டினார். அந்தக் கேள்விக்கு எத்தனையோ பொய் இருக்கிறது. பாவம், அவருக்கு ஒன்றும் சட்டென்று கிடைக்கவில்லை.

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிருப்ப" என்றார்.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். அம்மாவின் சிரிப்பு அடங்கியிருந்தது. என்ன இப்படிப் பேசுகிறாய், உனக்காகத்தானே என்று அம்மா ஆரம்பித்தாள். நான் இன்னும் எத்தனை நாள் இருக்கப்போகிறேன், எனக்குப் பிறகு தொரையை நீதான் பார்க்கணும், அதை நான் சொல்லாமலே நீ எடுத்துக்கொண்டாய், அதற்கே எனக்குத் தூக்கம் வருவதில்லை என்றாள். குரல் உடைந்தது. நடிப்பில்லை, அந்த அழுகை உண்மைதான்.

"இன்னொண்ணையும் சேத்து உன் தலையில கட்டச் சொல்றியா?" என்றாள் அம்மா.

இன்னொண்ணு. அம்மா தொரையை ராஜா என்பாள், என் கண்ணு என்பாள், கோபம் வந்தால் எருமை என்பாள். ஒண்ணு என்று இதுவரை சொன்னதில்லை. இன்னொன்று என்றால், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம். வயிற்றில் இருப்பதையும் தொழிற்சாலைக்குள் தொப்பி போட்டுக்கொண்டு பெட்டி மடிப்பவனையும் அம்மா ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டாள். கலைக்கப் பார்த்தது தன் பிள்ளையை மட்டுமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "தொரை உன் வயித்துல இருந்தப்ப இந்த டெஸ்ட் இருந்திருந்தா?"

அம்மா பாய்ந்து விழுவாள் என்று எதிர்பார்த்தாள். வாயைக் கழுவு என்று கத்துவாள், முதுகில் ஒன்று வைப்பாள். அன்றைக்கு அத்தைக்குக் கதவைத் திறந்துவிட்டவள் அல்லவா? அவள் அந்த அடிக்காகக் காத்திருந்தாள். அது விழுந்திருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள், சத்தியமாக மன்னித்திருப்பாள்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பித் தொழிற்சாலைக் கதவைப் பார்த்தாள்.

"அப்ப எனக்குத் தெரியாதே" என்றாள்.

"தெரிஞ்சிருந்தா?"

"அதான் தெரியலையே."

சங்கு ஊதியது. ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். நடுவே தொரை, தலையில் வலைத்தொப்பியைக் கழற்ற மறந்து, இரண்டு கையிலும் கோணல் ரொட்டிகளை அணைத்துக்கொண்டு வந்தான். வண்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். மாமா, எழுந்திருங்கள், அது கற்றுக்கொடுக்கிற சார் சீட் என்று கணவரைப் பின்சீட்டுக்கு விரட்டினான். பயிற்சி வண்டியில் ஏறினால் அந்த இரண்டாவது பிரேக் இருக்கும் இடத்தில்தான் உட்காருவான். காலை அதன் மேலே தூக்கி வைத்துக்கொள்வான், ஆனால் மிதிக்க மாட்டான். அக்கா ஓட்டும்போது தான்தான் காவல் என்று அவன் நினைப்பு. வழியெல்லாம் அவன் ஒருவன்தான் பேசினான். இன்றைக்குப் புதிதாக ஒருவன் சேர்ந்திருக்கிறானாம், அவனுக்கு எக்ஸ்ட்ராவே இல்லையாம், பாவமாம்.

சாயங்காலம் அம்மா ஆசையாகச் சமைத்தாள். உருளைக்கிழங்கை நன்றாக வதக்கி, தொரை கொண்டுவந்த ரொட்டியைச் சூடாக்கி, மகளுக்கு முதலில் வைத்தாள். கணவர் சொன்னபடியே தொட்டிலைக் கீழே இறக்கிக் கூடத்தில் போட்டிருந்தார். உப்புத்தாளும் பக்கத்தில் இருந்தது. எல்லாம் பழையபடி இருந்தது. இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டார்கள். சாப்பிடு, ஆறிப்போகுது என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள்.

அவள் ஒரு வாய் எடுத்து மென்றாள். விழுங்கினாள். பிறகு தட்டைப் பார்த்தபடி, வாத்தியாரிடம் வாயில் வராது என்று சொன்ன அந்த வார்த்தையை நிதானமாகச் சொன்னாள்.

"உப்பு குறையுதும்மா."

தொரையின் கையிலிருந்து ரொட்டி விழுந்துவிட்டது. பயந்துபோய் அக்காவைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். கரண்டி அம்மாவின் கையில்தான் இருந்தது. அவன் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. அம்மா மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவனே தன் ஸ்பூனை எடுத்து அக்காவின் தட்டு விளிம்பில் டங்கென்று தட்டினான்.

"அக்கா, நம்ம வீட்ல அதைச் சொல்லக் கூடாது" என்றான். "இல்லம்மா?"

அம்மா உப்பு டப்பாவை மகள் பக்கம் தள்ளினாள். தள்ளிய கையைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் அப்படியே மேஜைமேல் வைத்திருந்தாள். டப்பாவை யாரும் தொடவில்லை. தொரை ஸ்பூனைப் பிடித்தபடி, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றான்.